நார்த் பை நார்த்வெஸ்ட் (1959): அடிக்கடி கேக்குற கேள்விங்க

ஹிட்ச்காக் எடுத்த இந்த உளவாளிப் படத்தப் பத்தி வேலையிடத்துல, குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல, கோப்பிக்கடையில எல்லாம் ஒரே கேள்விங்கதான் சுத்திச்சுத்தி வருது, அதனால எல்லாத்துக்கும் ஒரே எடத்துல பதில் போட்டுட்டேன். கதையோட முடிச்சு தெரியாம பாக்கணும்னு நெனைக்கிறவங்க, "முடிச்சு அவிழும்"னு போட்டிருக்குற கேள்விங்கள தாண்டிப் போயிடுங்க, அப்புறம் என்னைய திட்டக்கூடாது.

இது என்ன கதை, சுருக்கமா?

நியூயார்க்ல விளம்பரத் தொழில் பாக்குற ராஜர் தார்ன்ஹில்னு ஒருத்தரு. ரெண்டு கல்யாணம் ஆகி ரெண்டுமே டைவர்ஸ், நல்லா குடிப்பாரு, நல்லா பேசுவாரு, அம்மான்னா கொஞ்சம் பயம். பிளாசா ஹோட்டல்ல ஆளுங்களோட உக்காந்திருக்குறப்ப அம்மாவுக்கு ஒரு தந்தி அடிக்கணும்னு ஹோட்டல் பையன கைகாட்டி கூப்பிடுறாரு, அந்தப் பையன் அந்த நேரம் பாத்து "ஜார்ஜ் காப்லன்"னு வேற யாரையோ கூவித் தேடிக்கிட்டு வர்றான், ஓரமா நின்ன ரெண்டு தடியனுங்க ஓ இவன்தான் காப்லன்னு முடிவு கட்டி துப்பாக்கிய காட்டி கார்ல ஏத்திடுறானுங்க. அவ்ளோதான் ஆரம்பம். அங்கேருந்து வாயில சாராயத்த ஊத்தி மலைப்பாதையில கார ஓட்ட விடுறாங்க, ஐநா சபைக்குள்ள ஒரு கொல விழுது, கத்தி இவரு கையில இருக்குறப்ப எவனோ போட்டோ எடுத்துடுறான், ராத்திரி ரயிலு, சிகாகோ, சோளக்காடு, கடைசில நாலு ஜனாதிபதிங்க முகம் செதுக்கின மவுண்ட் ரஷ்மோர் மலை மேல தொங்கல். 136 நிமிஷம். எழுதுனவரு எர்னஸ்ட் லீமன், இசை பெர்னார்ட் ஹெர்மன், ஹீரோ கேரி கிராண்ட், ஹீரோயின் ஈவா மேரி செயின்ட், வில்லன் ஜேம்ஸ் மேசன்.

அறுபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சே, இப்ப போயி ஏன் பாக்கணும்?

எல்லாரும் கேக்குறது இதுதான், எல்லாரும் சொல்ற பதில் "சஸ்பென்ஸ் மன்னன் ஹிட்ச்காக்"னு ஒரு பட்டம். அது பதிலே இல்ல, அவரு எடுத்த சில படத்துல எனக்கே கொட்டாவி வந்திருக்கு.

எனக்குத் தோணுறது வேற. உளவாளிப் படம்னாலே இருட்டு சந்து, மழை, கோட்டு போட்ட ஆளு, மூலையில சிகரெட் நெருப்பு, இப்படித்தான மனசுல வரும். இதுல பயம் எல்லாமே பட்டப்பகல்ல, ஆளுங்க நெறஞ்ச எடத்துல வருது. ஹோட்டல் லாபில கடத்துறாங்க, ஐநா சபையில நூறு பேரு முன்னாடி கொல நடக்குது, ஏலக் கடையில வில்லனோட ஆளுங்க வாசல் வாசலா நிக்கிறாங்க, கேன்டீன்ல சாப்பிட்டுக்கிட்டிருக்குற குடும்பங்களுக்கு நடுவுல துப்பாக்கி வெடிக்குது. சுத்தி அவ்ளோ பேரு இருந்தும் ஒருத்தருகூட அவர நம்ப மாட்டேங்குறாங்க, பெத்த அம்மாவே லிப்ட்டுக்குள்ள அந்த ரெண்டு கொலகாரனுங்கள பாத்து "நீங்க நெசமாவே என் மகன கொல்லப் போறீங்களா"ங்குற மாதிரி கேக்குது, லிப்ட்டே சிரிக்குது, கொலகாரனுங்களும் சேந்து சிரிக்கிறானுங்க, இவரு மட்டும் சிரிக்க முடியாம நிக்கிறாரு. அந்த சீன் இன்னிக்கு எடுத்த மாதிரி இருக்கு.

நம்ம சிங்கப்பூர்ல இருக்குறவங்களுக்கு இது இன்னும் நல்லா ஒறைக்கும்னு நெனைக்கிறேன். ராத்திரி ரெண்டு மணிக்கும் பிளாக்குக்கு கீழ லைட்டு எரியும், லிப்ட்டுல கேமரா, எம்ஆர்டி ரயில்ல கேமரா, ஐசி (அடையாள அட்டை) நம்பரு இல்லாம ஒண்ணும் நடக்காது, பயப்பட என்ன இருக்குன்னு நெனைக்கிறோம். ஆனா திடீர்னு ஒரு நாள் போன் வந்து உங்க பேர்ல பார்சல் பிடிபட்டிருக்கு, உங்க பேர்ல பேங்க் அக்கவுண்ட் இருக்குன்னு ஒருத்தன் அடிச்சுப் பேசுறப்ப ஒரு நிமிஷம் அடிவயிறு கலங்குதே, நான் இல்லைங்கன்னு எத வச்சு நிரூபிக்கிறதுன்னு, தார்ன்ஹில்லுக்கு படம் முழுக்க அந்தக் கலக்கம்தான்.

ஜார்ஜ் காப்லன் யாரு? (முடிச்சு அவிழும்)

யாரும் இல்ல. அப்படி ஒரு ஆளே கெடையாது. அமெரிக்க உளவுத்துறை, வில்லன் வாண்டமோட கூட்டத்துக்குள்ள தங்களோட ஒரு நெச ஏஜென்ட்ட வச்சிருக்காங்க, அந்த ஏஜென்ட் மேல சந்தேகம் வராம இருக்க இல்லாத ஒரு ஏஜென்ட்ட உண்டாக்கி ஊர் ஊரா ஹோட்டல்ல ரூம் போட்டு, பெட்டிய நகத்தி, சட்டைய சலவைக்குப் போட்டு, வாண்டம அவன் பின்னாடி ஓட விடுறாங்க. தார்ன்ஹில் காப்லனோட ரூமுக்குள்ள போறப்ப ரூம் சுத்தம் பண்ற அம்மாவும் துணி கொண்டாந்து குடுக்குற ஆளும் இவரையே மிஸ்டர் காப்லன்னு கூப்பிடுறாங்க, ஏன்னா இந்த ரூமுக்குள்ள இருக்குறவரு காப்லனாத்தான இருக்கணும்? ஒருத்தரும் காப்லன முன்னபின்ன பாத்ததே இல்ல. அங்க மாட்டிருக்குற கோட்டு இவருக்கு கட்டையா இருக்கு, சீப்பு எடுத்துப் பாத்து காப்லனுக்கு பொடுகு இருக்குன்னு அம்மாகிட்ட சொல்றாரு. இல்லாத ஆளுக்கு பொடுகு வரைக்கும் ஏற்பாடு பண்ணி வச்சிருக்காங்க, இருக்குற ஆளுக்கு தன்னோட பேரக்கூட நிரூபிக்க முடியல. இத விட பெரிய கிண்டல் எந்த உளவுப் படத்துலயும் நா பாக்கல.

இந்த ஐடியா ஓட்டிஸ் கெர்ன்சின்னு ஒரு பத்திரிகைக்காரரு ஹிட்ச்காக்குகிட்ட சொன்னது, ரெண்டாம் உலகப்போர் காலத்துல இல்லாத உளவாளிய வச்சு எதிரிய ஏமாத்துன சம்பவம் அவருக்கு தெரிஞ்சிருந்துச்சு. அதக் கதையா வளத்து எடுத்தது லீமன்.

கவனிச்சீங்கன்னா இந்த உண்மைய படம் பாதி வரைக்கும்கூட நம்மகிட்டேருந்து மறைக்கல. ஐநா கொல முடிஞ்சதும் வாஷிங்டன்ல ஒரு மேசைய சுத்தி உக்காந்து நாலஞ்சு பேரு பேசிக்கிறாங்க, காப்லன் இல்லவே இல்லன்னு நமக்கு தெரிஞ்சு போயிடுது, பாவம் அந்த ஆளு சாவட்டும் நம்ம ஒண்ணும் பண்ண முடியாதுன்னு முடிவும் எடுத்துடுறாங்க. வேற டைரக்டரா இருந்தா இத கடைசி ட்விஸ்ட்டா வச்சிருப்பாரு. ஹிட்ச்காக் முன்னாடியே ஒடச்சிட்டாரு, அதனால தார்ன்ஹில் ஒவ்வொரு எடத்துலயும் காப்லன் எங்க காப்லன் எங்கன்னு அலையுறப்ப நமக்கு அய்யோ அப்படி ஒருத்தன் இல்லடா சாமின்னு கத்தணும் போல இருக்கு.

அந்த விமான சீன பத்தி ஏன் இவ்ளோ பேசுறாங்க?

பேசணும், அதனால இங்க கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

காப்லன சந்திக்கலாம்னு தகவல் வருது, தார்ன்ஹில் பஸ்ஸ விட்டு எறங்குறாரு. கதைப்படி இது இந்தியானா, ஷூட் பண்ணது கலிபோர்னியாவுல பேக்கர்ஸ்பீல்டு பக்கம். நேரா ஒரு ரோடு, ரெண்டு பக்கமும் காஞ்ச வயல், ஒரு ஓரமா சோளக்கொல்லை, மரம் கெடையாது வீடு கெடையாது. நம்ம சிங்கப்பூர்ல ஒதுக்குப்புறமான லிம் சூ காங் கடைசிக்கு போனாக்கூட நாலு மரமும் ஒரு பஸ் ஸ்டாப்பும் இருக்கும், அந்த எடத்துல அது கூட இல்ல. நல்ல கோட்டு சூட்டு போட்ட மனுசன் அந்தப் பொட்டக்காட்டுல நிக்கிறாரு. ஒரு கார் வருது, போயிடுது. இன்னொரு கார், அதுவும் போயிடுது. ஒரு லாரி வந்து தூசிய வாரி எறைச்சுட்டு போகுது. அப்புறம் எதிர்ப்பக்கம் ஒரு கார் வந்து ஒரு ஆள எறக்கி விட்டுட்டு போகுது, ரெண்டு பேரும் ரோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நின்னு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே நிக்கிறாங்க, நெசமாவே சிரிப்பு வரும். நீங்கதான் காப்லனான்னு போயி கேட்டா இல்லைங்குறாரு. பஸ் வர்ற நேரம் பாத்து அந்த ஆளு சும்மா பேச்சுவாக்குல ஒண்ணு சொல்லுவாரு, தூரத்துல மருந்தடிக்கிற விமானம் பறக்குது பாருங்க, அங்க பயிரே இல்லையேன்னு. பஸ் ஏறிப் போயிடுறாரு. விமானம் தார்ன்ஹில்ல கொல்லத் திரும்புது.

இதுல மூணு விஷயம். ஒண்ணு, இது வரைக்கும் இசையே கெடையாது. ஹெர்மன் மாதிரி ஒரு ஆள வச்சுக்கிட்டு படத்தோட பெரிய சீன்ல அவர வாய மூடிக்க சொல்லிட்டாரு, கார் சத்தம், காத்து, இஞ்சின் இரைச்சல், அவ்ளோதான், விமானம் எண்ணெய் லாரில மோதி வெடிச்சதுக்கு அப்புறம்தான் மியூசிக் உள்ள வருது. இப்ப நம்ம படங்கள்ல ஹீரோ கண்ணாடிய கழட்டுறதுக்கே பின்னாடி முப்பது ட்ரம் அடிக்குது.

ரெண்டாவது, இந்த சீன எப்படி யோசிச்சாருன்னு பிரெஞ்சு டைரக்டர் ட்ரூபோகிட்ட குடுத்த பேட்டில ஹிட்ச்காக்கே சொல்லிருக்காரு. ஒருத்தன தனியா வரவழைச்சு கொல்லணும்னா எல்லாரும் எப்படி எடுப்பாங்க, ராத்திரி, தெருவிளக்கு, மழையில நனைஞ்ச கல்ரோடு, செவுத்து ஓரமா ஒரு கறுப்புப் பூனை. அத அப்படியே தலைகீழா போட்டாரு, வெயிலு, வெட்டவெளி, ஒரு நெழல்கூட இல்ல. எங்கேருந்து ஆபத்து வரும்னு நம்மளால ஊகிக்கவே முடியாது, ஏன்னா அங்க ஒளிஞ்சுக்கிறதுக்கு எடமே இல்ல, அது கொல பண்ண வர்றவனுக்கும் சரி ஓடுறவனுக்கும் சரி.

மூணாவது, காக்க வைக்கிறது. அந்த ரெண்டு மூணு காரும் சும்மா போறத வெட்டி எறிஞ்சிருந்தா சீன் செத்திருக்கும். எடிட்டர் ஜார்ஜ் டொமாசினிக்கு இதுக்கே ஒரு கும்பிடு போடலாம்.

ஒருத்தன கொல்றதுக்கு விமானமா? லாஜிக் இடிக்குதே?

இடிக்குதுதான். கார்லேருந்து எறங்கி சுட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். ஐநா சபையில கத்தி எறிஞ்சவன் யாருமே பாக்காம எப்படி தப்பிச்சான்னும் கேக்கலாம். போலீசுக்காரங்க படம் முழுக்க சாமி சிலை மாதிரிதான் நிக்கிறாங்க. ஆனா படம் ஓடிக்கிட்டிருக்குறப்ப இந்தக் கேள்வி வரவே இல்லையே, வீட்டுக்குப் போயி பிரிட்ஜ தொறந்து நின்னப்பதான வந்துச்சு? அது போதும்.

ரகசியம் ரகசியம்ங்குறாங்களே, அது என்னதான்? (முடிச்சு அவிழும்)

ஒரு சின்ன சிலைக்குள்ள மைக்ரோபிலிம். அதுல என்ன இருக்குன்னு கடைசி வரைக்கும் சொல்லவே மாட்டாங்க, அரசாங்க ரகசியமா இருக்கலாம்னு ஒரு வரியோட முடிச்சுக்குவாங்க. நாடு கெட்டுப் போயிடும்னு பில்டப் குடுக்காததாலதான் படம் பழசாகல, அந்தக் காலத்து அணுகுண்டு பார்முலா எதையாவது வச்சிருந்தா இன்னிக்கு பாக்குற பிள்ளைங்களுக்கு அத வெளக்கவே அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

இன்னொரு குறும்பு சொல்லணும். முழுக்கதையையும் புரொபசர்னு ஒரு உளவுத்துறை பெரியவரு தார்ன்ஹில்லுக்கு வெளக்குற எடம் வருது, ஏர்போர்ட்ல நடந்துக்கிட்டே. நமக்குதான் ஏற்கனவே தெரியுமே, அதனால பக்கத்துல விமானத்தோட இஞ்சின் சத்தத்த போட்டு பேச்சையே அமுக்கிட்டாரு ஹிட்ச்காக். வாய் அசையுது, கை அசையுது, சத்தம் மட்டும் இல்ல. அரைமணி நேர வசனம் மிச்சம்.

ஹீரோவுக்கு வயசு கொஞ்சம் ஜாஸ்தி இல்ல?

ஜாஸ்திதான், ஷூட்டிங் நடந்தப்ப கேரி கிராண்டுக்கு 54 வயசு. ஹீரோயினுக்கு 34. இதுல பெரிய கூத்து என்னன்னா அம்மாவா வர்ற ஜெஸ்ஸி ராய்ஸ் லேண்டிஸ் அவர விட ஏழெட்டு வயசுதான் மூத்தவங்க. ஆனா நம்ம ஊர் படத்துல இதெல்லாம் பாத்து வளந்தவங்கதான நாம, வாய தொறக்கக்கூடாது.

அவரு நல்லா ஓடுறாரு, அதான் முக்கியம். அடிக்கிற ஹீரோ இல்ல, பேசிப் பேசி தப்பிக்கிற ஹீரோ. ஏலக் கடை சீன பாருங்க, மூணு பக்கமும் வில்லன் ஆளுங்க, வெளிய போனா சாவு. ஒடனே ஏலத்துல கலந்துக்கிறாரு, மத்தவங்க கேட்ட வெலைய விட கொறச்சு கேக்குறாரு, இது டூப்ளிகேட்டா இருந்தா என்ன பண்றதுன்னு சத்தம் போடுறாரு, பெரிய எடத்து ஆளுங்கல்லாம் மொகம் சுளிக்கிறாங்க, கடைசில ஒருத்தன ஒரு குத்து விட்டு போலீச வரவழைச்சு அவங்க கையால ராஜ மரியாதையோட வெளிய போறாரு. ஒரு துப்பாக்கி இல்ல, ஒரு ஸ்டண்ட் இல்ல. இந்த சீனுக்காகவே ரெண்டாவது தடவ போட்டுப் பாக்கலாம்.

ஹீரோயின் ஈவ் கெண்டால் நல்லவளா கெட்டவளா? (முடிச்சு அவிழும்)

ரெண்டும். ரயில்ல போலீசுகிட்டேருந்து தார்ன்ஹில்ல ஒளிச்சு வச்சு காப்பாத்துறவளும் அவதான், அந்தப் பொட்டக்காட்டுக்கு பஸ் ஏத்தி அனுப்புறவளும் அவதான். அவதான் அந்த நெச ஏஜென்ட். ஈவா மேரி செயின்ட் இதுல குரல தாழ்த்தி, கைய அதிகமா ஆட்டாம, நேரா கண்ண பாத்து பேசுவாங்க, உள்ள என்ன ஓடுதுன்னு ஒண்ணும் தெரியாது. சிகாகோ ஹோட்டல்ல, செத்துட்டாருன்னு நெனைச்ச ஆளு கதவத் தட்டி உள்ள வர்றப்ப அவங்க மொகத்த மட்டும் கவனிங்க, சந்தோஷம், பயம், குத்த உணர்ச்சி மூணும் அடுத்தடுத்து வந்துட்டுப் போகும்.

இந்தப் படத்துல எனக்கு மனசுக்குள்ள நிக்கிற கோவமும் இங்கதான். கொலகாரனோட படுக்கைக்கு ஒரு பொண்ண அனுப்பி வச்சுட்டு, நாட்டுக்காகன்னு கோட்டு போட்டுக்கிட்டு பேசுறாரு அந்த புரொபசர். தார்ன்ஹில் ஒரு எடத்துல வெடிக்கிறாரு, இப்படி பொண்ணுங்கள பணயம் வைக்காம ஜெயிக்க முடியாதுன்னா நாலு பனிப்போருல தோத்துட்டுதான் போங்களேன்னு. 1959ல, அமெரிக்காவுல, பெரிய ஸ்டூடியோ படத்துல இந்த வசனம். வில்லன் பக்கம் நாடு எதுன்னு பேரு சொல்லவே இல்ல, ஆனா நம்ம பக்கம் இருக்குறவங்க கையும் சுத்தமில்லன்னு சொல்லிட்டாங்க. இத பெருசா யாரும் பேசுறதே இல்ல.

எங்கெங்க எடுத்தாங்க? மலை மேல நெசமாவே ஏறுனாங்களா?

இல்ல. மவுண்ட் ரஷ்மோர் அவங்களுக்கு தேசிய நினைவுச்சின்னம், 1927லேருந்து 1941 வரைக்கும் செதுக்குன மலை, ஒவ்வொரு முகமும் அறுபது அடி. அங்க சண்டை போடுறது, ஜனாதிபதி மூக்கு மேல ஆளு தொங்குறது எல்லாம் கூடாதுன்னுட்டாங்க, அதனால எம்ஜிஎம் ஸ்டூடியோக்குள்ள பாறைய செட்டு போட்டாங்க. மலைக்கு மேல வில்லனோட வீடு ஒண்ணு வருமே, கண்ணாடியும் கல்லுமா அந்தரத்துல நீட்டிக்கிட்டு, அத பாக்கணும்னு இன்னிக்கும் ஆளுங்க தேடுறாங்களாம், அப்படி ஒரு வீடே இல்ல, பாதி செட்டு பாதி வரைஞ்ச ஓவியம்.

ஐநா சபைல இன்னும் வேடிக்கை. உள்ள படம் எடுக்க அனுமதி இல்ல, எதுத்தாப்புல ஒரு வேன்ல கேமராவ ஒளிச்சு வச்சு கேரி கிராண்ட் டாக்சில எறங்கி உள்ள நடந்து போறத திருட்டுத்தனமா எடுத்துட்டாங்க. உளவாளிப் படத்த உளவாளி மாதிரியே எடுத்திருக்காங்க. உள்பக்கம் எல்லாம் செட்டு.

அந்தப் பையன் காதப் பொத்துற விஷயம் நெசமா?

நெசம். ரஷ்மோர் கேன்டீன்ல துப்பாக்கி வெடிக்கிறதுக்கு முன்னாடியே பின்னாடி மேசையில நீலச் சட்டை பையன் ஒருத்தன் ரெண்டு காதுலயும் வெரல வச்சுக்குவான். ரிகர்சல்ல சத்தம் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருக்கும் போல. பாத்துட்டீங்கன்னா அதுக்கப்புறம் வேற எதையும் பாக்க முடியாது, மொத தடவ தேடாதீங்க.

இன்னொண்ணும் இருக்கு, ரயில் சாப்பாட்டு மேசையில ஈவ் பேசுற ஒரு வரி அந்தக் காலத்துக்கு கொஞ்சம் ஓவர்னு குரல மட்டும் பின்னாடி மாத்திட்டாங்க, வாய் அசைவ கவனிச்சா ஒட்டாம இருக்கும்.

ஹிட்ச்காக் எங்க வர்றாரு?

ஆரம்பத்துல பேரு போட்டு முடியுறப்ப. பஸ்ஸ பிடிக்க ஓடி வருவாரு, மூஞ்சில அடிச்ச மாதிரி கதவ மூடிட்டு பஸ் போயிடும். அந்தப் பேரு போடுற பகுதியே தனி அழகு, சால் பாஸ்னு ஒரு டிசைனர் பண்ணது. பச்சைத் திரையில கோடு கோடா வரும், அந்தக் கோடுங்க மெல்ல ஒரு உயர கட்டடத்தோட கண்ணாடியா மாறிடும், அதுல தெருவும் காரும் தெரியும். பின்னாடி ஹெர்மனோட அந்த வேகமான ஸ்பானிஷ் நடன தாளம். ஸ்கிப் பட்டன அமுக்குனா பாவம் சேரும்.

ஜேம்ஸ் பாண்டுக்கு முன்னாடியா பின்னாடியா?

முன்னாடி. மொத பாண்டு படம் 1962ல வந்துச்சு, ரெண்டாவது 1963ல வந்தது, அதுல ஹெலிகாப்டர் ஒண்ணு பாண்ட வெட்டவெளியில தொரத்தும், அது எங்கேருந்து வந்துச்சுன்னு இந்தப் படம் பாத்தவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. நல்ல சூட்டு, ரயில்ல ஒரு பொண்ணு, மரியாதையா பேசுற வில்லன், பெரிய எடத்துல கிளைமாக்ஸ், எல்லா அயிட்டமும் இங்கயே இருக்கு. பாண்டா நடிக்க கேரி கிராண்ட் பேரும் அடிபட்டுச்சு.

ஆனா பாண்டு எதுக்கும் அசர மாட்டாரு. தார்ன்ஹில் அசருறாரு, வேர்க்குது, சூட்டு தூசியாகுது, ஈவோட பாத்ரூம்ல கெடக்குற குட்டியூண்டு ரேசர வச்சு மொகத்த வழிச்சுக்கிட்டு நிக்கிறாரு.

நம்ம தமிழ்ல இது மாதிரி இருக்கா?

உளவாளிப் படம் நெறைய இருக்கு, அந்தக் காலத்துல ஜெய்சங்கருக்கு தென்னகத்து ஜேம்ஸ் பாண்டுன்னே பேரு, 1966ல வந்த வல்லவன் ஒருவன பெருசுங்க இன்னிக்கும் சொல்லுவாங்க. எம்ஜிஆர் டைரக்ட் பண்ண உலகம் சுற்றும் வாலிபன் 1973ல வந்துச்சு, விஞ்ஞானி ஒருத்தரு, அவரு தம்பி அதிகாரி, ரெண்டும் எம்ஜிஆர், ஒசாகாவுல நடந்த எக்ஸ்போ 70 கண்காட்சி உள்ளேயே போயி எடுத்திருப்பாங்க, நம்ம சிங்கப்பூரும் அதுல வரும், அதனாலயே இங்க அந்தப் படத்துக்கு தனி மவுசு. அந்தப் படமும் ஊர் ஊரா ஓடுறதுதான், ரகசியத்த தேடுறதுதான், கண்ணுக்கு விருந்துதான். வித்தியாசம் எங்கன்னா எம்ஜிஆருக்கு தெரியாதது ஒண்ணும் இல்ல, ஜெய்சங்கருக்கும் அப்படியே, நம்ம ஆளு ஜெயிப்பாருன்னு உக்காந்திருக்கோம், விசில் அடிக்கிறோம். தார்ன்ஹில்லுக்கு ஒண்ணுமே தெரியாது. ஒண்ணும் தெரியாத ஹீரோவ வச்சு ஒரு உளவாளிப் படத்த தமிழ்ல நல்லா எடுத்தா எப்படி இருக்கும்னு ரொம்ப நாளா ஆசை, ஹீரோங்க ஒத்துக்கணுமே.

ஆஸ்கார் வாங்குச்சா?

மூணு நாமினேஷன், திரைக்கதை, எடிட்டிங், கலை. ஒண்ணும் கெடைக்கல. அந்த வருஷம் பென்ஹர் படம் பதினொண்ண வாரிக்கிட்டு போயிடுச்சு.

பிடிக்காத எடம் எதுவுமே இல்லையா?

இருக்கு. கார் ஓட்டுற சீன்ல பின்னாடி திரையில ரோடு ஓடுறது அப்பட்டமா தெரியும், இன்னிக்கு பிள்ளைங்க சிரிப்பாங்க. அம்மா கேரக்டர் அவ்ளோ ஜோரா ஆரம்பிச்சு பாதில காணாம போயிடுது, எனக்கு அது பெரிய நஷ்டம். ஜேம்ஸ் மேசனோட குரலுக்கு இன்னும் ரெண்டு சீன் குடுத்திருக்கலாம். அவரோட கையாளா வர்ற மார்ட்டின் லேண்டோ, அமைதியா நின்னுக்கிட்டே பொறாமையில வேகுற மாதிரி ஒரு நடிப்பு, அதுவும் இன்னும் கொஞ்சம் வேணும் போல இருக்கும்.

முடிவு சட்டுனு வந்துடுதுன்னு நெறைய பேரு சொல்றாங்க. மலைமேல தொங்குற கைய பிடிச்சு இழுக்குறாரு, அப்படியே ரயில் பெட்டில மேல் பர்த்துக்கு இழுக்குறாரு, கல்யாணம் முடிஞ்சிடுச்சு, ரயில் குகைக்குள்ள போகுது, படம் முடிஞ்சுது. எனக்கு அது பிடிக்கும். வில்லன் என்ன ஆனான், கேஸ் என்ன ஆச்சுன்னு பதினஞ்சு நிமிஷம் இழுத்திருந்தா யாரு உக்காந்து பாப்பா? ரயில் குகைக்குள்ள போறதுக்கு என்ன அர்த்தம்னு கேக்குற பிள்ளைங்களுக்கு மட்டும் நீங்களே பதில் சொல்லிக்கோங்க.

பிள்ளைங்களோட பாக்கலாமா?

தாராளமா, பன்னெண்டு பதிமூணு வயசுக்கு மேலன்னா. ரத்தம் கம்மி, குடி இருக்கு, ரயில்ல முத்தம் நீளமா ஓடும், அப்ப எழுந்து தண்ணி எடுக்கப் போங்க. இங்கிலீஷ் வசனம் வேகமா ஓடும், சப்டைட்டில் போட்டுக்கோங்க, வசந்தம் டிவில தமிழ்ப் படத்தையே கீழ சப்டைட்டில படிச்சுக்கிட்டு பாக்குற பிள்ளைங்கதான, பழகிடும்.

போன்ல பாத்தா போதாதா?

மத்த படத்த பாருங்க. இது விஸ்டாவிஷன்னு அகலமான நெகட்டிவ்ல எடுத்தது, அந்தப் பொட்டக்காட்டுல மனுசன் எறும்பு மாதிரி தெரியணும், ஐநா கட்டடத்து உச்சிலேருந்து கீழ பாக்குறப்ப அவரு ஓடுறது ஒரு புள்ளியா தெரியணும். எம்ஆர்டில நின்னுக்கிட்டு ஆறு இஞ்சுல பாத்தா புள்ளியே தெரியாது. 2024ல 4கேல சுத்தம் பண்ணி வெளிய விட்டிருக்காங்க, அது கெடைச்சா அதையே பாருங்க, அந்த சாம்பல் நீல சூட்டோட நெறமே வேற மாதிரி இருக்கு.

பிடிச்சிருக்கு, அடுத்து என்ன?

இதே ஆளுங்கன்னா நொட்டோரியஸ், 1946, ஹிட்ச்காக் கேரி கிராண்ட் ஜோடி, இங்க்ரிட் பெர்க்மன், ஒயின் பாட்டிலுக்குள்ள யுரேனியம், புரொபசர் மேல வந்த கோவம் அங்க இன்னும் ஜாஸ்தியாகும். இதே மாதிரி ஓட்டம்னா தி 39 ஸ்டெப்ஸ், 1935, கறுப்பு வெள்ளை, ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. ஜாலியா வேணும்னா ஷரேட், 1963, அது ஹிட்ச்காக் எடுத்ததில்ல, ஸ்டான்லி டோனன் எடுத்தது, ஆனா கேரி கிராண்டும் ஆட்ரி ஹெப்பர்னும் பாரிஸ்ல ஓடுறாங்க, ஞாயித்துக்கிழமை மத்தியானம் பிரியாணிக்கு அப்புறம் பாக்க அத விட நல்ல படம் எனக்குத் தெரியாது.